மங்கு விழுந்த முகம்

முதலில் அதைப் பார்த்தவள் என் நாத்தனார். ஒரு நாள் காலை தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் இழைக்கு, பட்டு சுற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாடி அது கன்னத்துல? கரியப் பூசிக்கினு குந்தியிருக்கிற?"

கொஞ்சம் முன்புதான் அடுப்பைவிட்டு எழுந்து வந்திருந்தேன். புறங்கையால் துடைத்தேன். "போவல" என்றாள். குடத்தை இறக்கி வைத்து, முந்தானையை நனைத்து, அவளே அழுத்தித் தேய்த்தாள். கன்னம் எரிந்தது. முகவாயைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடது கன்னத்தைப் பார்த்தாள், வலது கன்னத்தைப் பார்த்தாள், மேலுதட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குது. இது கரி இல்ல. மங்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு. நான் குனிந்து இழையைச் சுற்ற ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அவள் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியிடம் திரும்பி வந்தவள். தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்து, தறிக்குழியில் உட்கார வைத்து நெசவு பழக்கி, திருப்புட்குழிக்கு வந்து என்னைப் பெண் பார்த்துக் கட்டி வைத்தவளும் அவள்தான். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் அவள் சொல்வதுதான் சொல். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். நான் பிரசவத்தில் கிடந்த நாட்களில் எனக்குத் துணி அலசியவள் அவள். ஆனால் அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தம்பிக்கு ஒரு பையன் பிறக்க வேண்டும். எனக்குப் பிறந்தவை இரண்டும் பெண்கள்.

வயிற்றில் பிள்ளை தங்கினால் சிலருக்கு முகத்தில் மங்கு விழும். அது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் அவள் சிரித்தாள்.

என் வயிற்றில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் இல்லை என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சின்னவள் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவில்லை. வீட்டில் ஆரம்பித்த பிரசவத்தின் பாதியில் என்னை மாட்டுவண்டியில் தூக்கிப் போட்டு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கண் விழித்தபோது கை கால் எனக்குச் சொந்தமில்லாதது போலக் கிடந்தது. அங்கிருந்த டாக்டரம்மா, நான் வீட்டுக்குக் கிளம்பும் முன் கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னார்: "இன்னொரு பிள்ளை வேண்டாம்மா. இதே மாதிரி இன்னொரு தடவை ஆச்சுன்னா உன்னைக் காப்பாத்த முடியும்னு என்னால சொல்ல முடியாது. ஆபரேஷன் பண்ணிக்கிறியா? வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும்."

வராந்தாவில் நாத்தனார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்தது தம்பி வருவான், பாரு" என்று பெரியவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அப்போதுதான் டாக்டரம்மா மாத்திரையைப் பற்றிச் சொன்னார். புதிதாக வந்திருக்கிறது, மெட்ராஸிலிருந்து வரவழைத்துத் தருகிறேன், தினம் ஒன்று, மறக்கவே கூடாது என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மாதம் ஒரு தரம், குழந்தையை டாக்டரம்மாவிடம் காட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், ஓர் அட்டை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வருவேன். வீட்டில் ஒளித்து வைக்க இடம் கிடையாது. ஒரு கூடத்தில் தறி, பக்கத்தில் ஓர் அறை, பின்னால் அடுப்படி. எங்கே கை வைத்தாலும் நாத்தனாரின் கை அங்கே முன்பே போயிருக்கும். கல்யாணத்துக்கு வாங்கிய ஒரு முகப்பவுடர் டப்பா காலியாகக் கிடந்தது. அதை நான் மட்டும்தான் தொடுவேன். அதற்குள் அட்டையைச் சுருட்டி வைத்தேன். காலையில் கிணற்றடியில் பல் விளக்கும்போது மாத்திரையை நாக்கடியில் வைத்து, வாய் கொப்பளிக்கிற தண்ணீரோடு விழுங்கிவிடுவேன். அவள் பின்னால் வந்து நிற்கிறாளா என்று திரும்பிப் பார்க்காத நாள் இல்லை.

இப்போது முகத்தில் மங்கு. வீட்டில் கொண்டாட்டம் ஆரம்பித்துவிட்டது. நாத்தனார் என்னைக் குடம் தூக்க விடவில்லை. என் வீட்டுக்காரர் கடைத்தெருவுக்குப் போனவர் மாதுளம்பழம் வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தறியில் இறங்கினார். அவர் எதற்கும் அதிகம் பேசுகிறவர் இல்லை. பழத்தை உரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். நான் ஒரு முத்துகூட எடுக்கவில்லை.

அந்தச் சந்தோஷம் நான் வீட்டுக்குத் தூரமான அன்று முடிந்தது. அந்த நாட்களில் தறியைத் தொடக் கூடாது, பட்டைத் தொடக் கூடாது, பின்பக்கம் ஒதுங்கி உட்கார வேண்டும். மறைக்க வழியே இல்லை. நான் பாயை எடுத்துக்கொண்டு பின்னால் போவதைப் பார்த்ததும் நாத்தனார் முகம் அப்படியே இறுகிவிட்டது. திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து தூரத்தில் நின்று கேட்டாள்:

"அப்போ மூஞ்சியில வந்திருக்கிறது இன்னா?"

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இல்லாதவளுக்கு முகத்தில் எதற்கு நிறம் மாற வேண்டும்?

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெருவியாதி, அதாவது தொழுநோய், அதிகம். சர்க்காரிலிருந்து சைக்கிளில் ஆட்கள் வருவார்கள். வீடு வீடாகப் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்ப்பார்கள், தேமல் மாதிரி எது தெரிந்தாலும் கோழி இறகால் தடவி, தெரியுதா தெரியுதா என்று கேட்பார்கள். பின் தெருவில் நன்றாக நெய்துகொண்டிருந்த ஒருவருக்குக் கன்னத்திலும் காதிலும் ஏதோ தெரிந்ததாகச் சொன்னார்கள். அவருக்குப் பட்டு கொடுத்துக்கொண்டிருந்த முதலாளி அடுத்த சேலைக்குப் பாவு நூல் கொடுக்கவில்லை. நோய்க்காரன் வீட்டில் நெய்த சேலையைக் கல்யாணத்துக்கு யார் கட்டுவார்கள் என்று கேட்டாராம். மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் எங்கே போனார் என்று தெரியாது. அந்த வீட்டுக் கதவு மூடியே கிடந்தது. அந்த வழியாக நான் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். இப்போது அந்தத் தெருவுக்குள் போகவே கால் வரவில்லை.

வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி, கிணற்றடிச் சுவரில் என் வீட்டுக்காரர் சவரம் செய்ய மாட்டி வைத்தது. ரசம் போய் உள்ளே கறுப்புப் புள்ளியாக இருக்கும். எது கண்ணாடியின் புள்ளி, எது என் முகத்தின் புள்ளி என்றே தெரியாது. முகத்தை ஆட்டி ஆட்டிப் பார்ப்பேன். ஆடாமல் இருப்பது கண்ணாடியில் உள்ளது. என்னோடு சேர்ந்து ஆடுவது என்னுடையது. கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துக் கன்ன எலும்பு முழுக்க, டீ சிந்திக் காய்ந்த துணி மாதிரி இருந்தது.

உணர்ச்சி இல்லாவிட்டால்தான் பெருவியாதி என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது, கிழிசல் தைக்கிற ஊசியை எடுத்துக் கன்னத்தில் குத்திப் பார்த்தேன். வலித்தது. அந்த வலியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. ஆனால் மறுநாள் காலை எழுந்ததும், நேற்று வலித்தது சரி, இன்றைக்கு? என்று தோன்றியது. மறுபடியும் குத்தினேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் வலி குறைவாகத் தெரிந்தது போல இருந்தது. இன்னும் ஆழமாகக் குத்திக்கொண்டேன். ரத்தம் வடிந்து கழுத்துவரை வந்தது. பெரியவள் பார்த்துவிட்டு, "அம்மா, கொசு கடிச்சிச்சா?" என்றாள்.

நாத்தனார் ஒன்றும் வெளியே சொல்லவில்லை. ஆனால் என் டம்ளர் தனியாக ஆணியில் தொங்கியது. பிள்ளைகள் இரண்டு பேரும் அவள் பாய்க்குப் போனார்கள். "வெய்யக் காலம், ஒருத்தர் மேல ஒருத்தர் படுத்தா வேர்க்குது" என்றாள். சின்னவள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வருவாள். என்னை அவள் தொடுவதற்கு முன் நாத்தனார் வந்து தூக்கிவிடுவாள். நான் எதிர்த்துக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? ஒருவேளை அது அந்த வியாதியாகவே இருந்தால், பிள்ளையை என்னிடமிருந்து தூக்கிப் போவதுதானே நல்லது என்று எனக்கே தோன்றியது.

இன்னொரு பக்கம் மாத்திரை பயம். மங்கு விழ ஆரம்பித்தது மாத்திரை ஆரம்பித்துச் சில மாதத்தில் என்பது எனக்கு உறைக்காமல் இல்லை. அதைக் கேட்க டாக்டரம்மாவிடம் போகலாம் என்றால், நாத்தனார் இப்போது என்னைத் தனியாக எங்கேயும் விடுவதில்லை. "இந்த மூஞ்சிய வச்சிக்கினு தெருவுல போவாத. யாராவது பார்த்து எதாவது சொல்லிடப் போறாங்க." மாதாமாதம் அட்டைகூட, அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் கூட வரும்போது, டாக்டரம்மா அவளுக்குத் தெரியாமல் குழந்தையின் சட்டை மடிப்பில் வைத்துக் கொடுத்ததுதான்.

வைகாசியில் கருட சேவைக்கு என் வீட்டுக்காரரின் மாமா குடும்பம் வெளியூரிலிருந்து வந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே நாத்தனார் அறைக்குள் ஓடி வந்தாள்.

"பவுடர் எங்கடி? நல்லா அப்பிக்கினு வெளிய வா. இருட்டுப் பக்கமாவே குந்து."

சொல்லிக்கொண்டே மாடத்திலிருந்த டப்பாவை எடுத்துவிட்டாள். எடுத்தவள் ஆட்டிப் பார்த்தாள். உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டது.

"இன்னாடி இது? பவுடர் கட்டியாப் போச்சா?"

மூடியில் அவள் விரல் இருந்தது. "பழசுக்கா, பூச்சி வந்திடுச்சி" என்று பிடுங்காத குறையாக அவள் கையிலிருந்து வாங்கினேன். "கடலை மாவு போட்டுக்கிறேன்." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதற்குள் வாசலிலிருந்து, "யாரும் இல்லியா?" என்று மாமாவின் குரல் வந்தது. அவள் போய்விட்டாள். நான் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றேன். அன்று ஊரே தெருவில் நின்று பெருமாளைப் பார்த்தது. நான் கதவிடுக்கு வழியாகக் குடையின் உச்சியை மட்டும் பார்த்தேன்.

மாமா குடும்பம் போனதும் நாத்தனார் என் முகத்தைச் சரிசெய்தே தீருவது என்று இறங்கினாள். ஜாதிக்காயைப் பாலில் உரைத்துப் பூசினாள். கஸ்தூரி மஞ்சள் பூசினாள். நாட்டு மருந்துக் கடையில் சொன்ன ஏதேதோ பொடியைக் குழைத்துப் பூசினாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருவன் விற்ற வெள்ளைக் களிம்பு ஒன்றை வாங்கி வந்தாள். பெயர் எழுதாத சின்ன டப்பி.

அது வேலை செய்தது. அதுதான் கொடுமை. சில நாளிலேயே கறுப்பு வெளுத்து, கன்னம் வழவழவென்று ஆனது. நாத்தனார் பிள்ளையை என் மடியில் போட்டாள். டம்ளர் ஆணியிலிருந்து இறங்கியது. நானும் சந்தோஷத்தில் இரண்டு வேளை பூச வேண்டியதை மூன்று வேளை பூசினேன். மறுபடியும் விடிகாலையில் தெருவில் பாவு நீட்டப் போனேன். பட்டு இழையைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறும்வரை நின்று அதைச் சீர் பண்ணுவது எங்கள் வேலை. அன்று வெயில் முகத்தில் பட்டதும் கன்னத்தில் மிளகாய் அரைத்துப் பூசியது போலக் காந்தியது. மத்தியானத்துக்குள் முகம் சிவந்து வீங்கிவிட்டது. மறுநாள் தோல் உரிந்தது. உரிந்த இடம் ஆறி எழுந்தபோது முன்பைவிடக் கறுப்பாக இருந்தது. சாம்பலும் நீலமும் கலந்த ஒரு கறுப்பு, மனிதர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத நிறம்.

சின்னவள் என்னைப் பார்த்து வீறிட்டு அழுதாள்.

இரண்டு நாள் முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். முக்காட்டை விலக்கிப் பார்த்தார். "கெளம்பு. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாம்" என்றார்.

"நானும் வரேன்" என்றாள் நாத்தனார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டோம்.

பஸ்ஸில் போகிற வழியெல்லாம் எனக்கு இரண்டு பயம். டாக்டர் பெருவியாதி என்று சொல்லிவிட்டால் என்னைத் திரும்ப அனுப்புவார்களா என்பது ஒன்று. அது இல்லை என்று சொல்லிவிட்டால், பின்னே எதனால் என்று நாத்தனார் கேட்பாளே என்பது இன்னொன்று. எது நல்லது என்று எனக்கே தெரியவில்லை.

தோல் பார்க்கிற இடத்தில் பெரிய கூட்டம். விரல் மழுங்கிய ஒருவர் எங்கள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் எழுந்து நின்றுகொண்டாள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவர் என்னைப் பார்த்து, "ஊரு எந்தப் பக்கம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

டாக்டர் நடுவயதுக்காரர். ஜன்னலோரம் என்னை உட்கார வைத்துப் பார்த்தார். பஞ்சைத் திரித்து, கண்ணை மூடச் சொல்லி, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கன்னத்தில் இருந்த ஊசிக் குத்துத் தழும்புகளைப் பார்த்து, "இது என்ன?" என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நாத்தனார் நீட்டிய களிம்பு டப்பியை வாங்கித் திறந்து பார்த்தார்.

"பயப்படாதம்மா. இது பெருவியாதி இல்லை. வெறும் மங்கு. இதனால உயிருக்கோ உடம்புக்கோ ஒண்ணும் ஆகாது. யாருக்கும் ஒட்டாது. இந்தக் களிம்பை எவன் குடுத்தான்? பாதரசம் கலந்திருப்பான். அதுதான் முகத்தை வேக வச்சிருக்கு. தூக்கிப் போடு."

நாத்தனார் சுவரைப் பார்த்தாள்.

"வெயில்ல போகாத. போனா குடை பிடிச்சிக்கிட்டுப் போ. கர்ப்பமா இருக்கியா?"

"இல்லீங்க."

"மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறியா? குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை மாதிரி?"

பின்னால் நின்ற நாத்தனார் என்னைப் பார்ப்பது கழுத்தில் தெரிந்தது.

"இல்லீங்க" என்றேன்.

வெளியே வந்தோம். முகத்துக்குப் பூசத் தண்ணீர் மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். அதை வாங்க நாத்தனார் வரிசையில் போய் நின்றாள். என் வீட்டுக்காரர் டீ வாங்கி வருகிறேன் என்று போனார். நான் தூணோரம் நின்றேன். உள்ளே அவர் கேட்ட கேள்விதான் தலையில் ஓடியது. இப்போது கேட்காவிட்டால் பிறகு யாரிடம் கேட்பது? திரும்ப உள்ளே போனேன். அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் நின்றபடியே சொன்னேன்:

"சாப்பிடுறேங்க. தெனம் ஒண்ணு. வீட்டுல தெரியாது. இன்னொரு புள்ள பெத்தா செத்துப் போயிடுவேன்னு சொன்னாங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அந்த மாத்திரையால சில பேருக்கு இப்படி வரும். நிறுத்தினா மெதுவாக் குறையும். ஆனா முகத்துக்காக நீயா நிறுத்திடாத. உனக்கு மாத்திரை குடுத்தவங்களைக் கேட்டு, வேற வழி பண்ணிக்கிட்டு நிறுத்து. உன் வீட்டுக்காரரே ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணிக்கலாம். சொல்லிப் பாரு."

திரும்பினேன். வாசலில் என் வீட்டுக்காரர் இரண்டு கையிலும் டீயோடு நின்றுகொண்டிருந்தார்.

எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. ஒரு கிளாஸை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். அதற்குள் நாத்தனார் மருந்துப் பாட்டிலோடு வந்துவிட்டாள்.

காஞ்சிபுரம் வந்து சேரும்வரை பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். பிள்ளைகளை வைத்துக்கொள்வாரா, என்னோடு அனுப்புவாரா என்று கணக்குப் போட்டேன். வழியில் ஓரிடத்தில் பஸ் நின்றபோது, இங்கேயே இறங்கி, திருப்புட்குழிக்கு வேறு பஸ் பிடித்துத் தாய் வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை நாத்தனார் குடிதண்ணீருக்குக் குழாயடிக்குப் போன பிறகு, தறிக்குழியிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"இந்தா, இங்க வா. குந்து."

தறிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அவர் ஊடை இழையை ஓட்டும் நாடாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளா சாப்பிட்டுக்கினு இருக்கிற?"

"சின்னவ பொறந்ததுல இருந்து."

"டாக்டரம்மா அப்படிச் சொன்னது எனக்கு ஏன் சொல்லல?"

"அக்கா பையன் பையன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. உங்களுக்கும் ஆசை இருக்கும்னு..."

அவர் நாடாவைத் தறிமேல் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் நின்னுக்கினு இருந்தேன். உள்ளேர்ந்து ஒரு பக்கெட்ட எடுத்துக்கினு வந்தாங்க. முழுக்க ரத்தத் துணி. நீ போயிட்டன்னுதான் நெனச்சேன். அக்காகிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. அப்பால நீ மங்கு விழுந்து குந்தினப்போ, அக்கா சந்தோசமா இருந்துச்சி. எனக்கு அந்தப் பக்கெட்டுதான் கண்ணு முன்னால வந்துது. வேணாம்னு சொல்ல வாய் வரல. மாதுளம்பழம் வாங்கியாந்தேன். வேற இன்னா செய்யறதுன்னு தெரியல எனக்கு."

நான் மட்டும்தான் அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். 

அவரே என்னை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். ஆம்பளைகள் செய்துகொள்வது சின்ன ஆபரேஷன், ஒரு வாரம் ஓய்வு போதும், அதன் பிறகும் கொஞ்ச காலம் மட்டும் நான் மாத்திரையை விடக் கூடாது என்று டாக்டரம்மா விளக்கினார். என் வீட்டுக்காரர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். ஆனால் நாள் தள்ளிப் போனது. நெசவாளிகள் நடுவில் ஒரு பேச்சு இருந்தது: அந்த ஆபரேஷன் செய்துகொண்டவனுக்கு இடுப்பில் பலம் போய்விடும், தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்க முடியாது என்று. மிதித்துக்கொண்டே இருப்பவர் திடீரென்று நிறுத்தித் தன் தொடையைத் தடவிப் பார்ப்பார். அவர் பயம் எனக்குத் தெரிந்தது. நான் வற்புறுத்தவில்லை. முகம் இப்படியே இருந்தாலும் போகிறது, மாத்திரையையே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஒரு நாள் சொன்னேன்.

"ரொம்ப நாளைக்கு அதையே துன்னுக்கினு இருப்பியா?" என்றார். அடுத்த வாரம், நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்து முதலாளியிடம் கொடுத்துவிட்டு, அப்படியே போய்ச் செய்துகொண்டு வந்தார்.

வந்தவர் அக்காவிடம் நேராகச் சொல்லிவிட்டார். "எனக்கு இந்த ரெண்டு பொண்ணுங்க போதும். நான் ஆபரேஷன் பண்ணிக்கினேன். அவள எதுவும் கேக்காத."

நாத்தனார் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். "பாவி, உன்னை வளத்ததுக்கு என்னை இப்படி நிக்க வச்சிட்டியே" என்று அழுதாள். என்னையும் விடவில்லை. "உன் மூஞ்சி கறுத்த அன்னிக்கே இந்த வீடும் கறுத்துப் போச்சி" என்றாள். அவள் அன்றும் மறுநாளும் சாப்பிடவில்லை. எங்களோடு பேசவில்லை. நான் சோறு போட்டு வைத்தால் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுவாள்.

ஒரு வாரம் கழித்து அவர் தறிக்குழியில் இறங்கினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெதுவாகக் காலை வைத்து மிதித்தார். நாடா ஒரு தரம் இந்தப் பக்கம் வந்தது, ஒரு தரம் அந்தப் பக்கம் போனது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் மிதித்தார். பிறகு நிறுத்தவில்லை. அடுப்படியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சொன்ன காலம் ஆனதும் மாத்திரையை நிறுத்தினேன். முதல் சில மாதங்களில் பயம் போகவில்லை. நாள் ஒன்று தள்ளினாலும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருப்பேன். முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. நான் குடை பிடித்துக்கொண்டுதான் தெருவில் போனேன். நெசவுத் தெருவில் ஒரு பெண் காலையில் குடை பிடித்துப் போவது அப்போது சிரிப்பு. "தொரசாணி போறாங்க" என்பார்கள். நடந்துகொண்டே இருந்தேன். ஆனால் பாவு நீட்டும்போது குடை பிடிக்க முடியாது. இரண்டு கையும் இழையில் இருக்க வேண்டும். அடுத்த பாவு வந்தபோது, விடிந்ததும் நான் கஞ்சிப் பாத்திரத்தோடு வெளியே போனேன். என் இடத்தில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, இழையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் செய்யறேன்."

"உள்ள போய்ச் சோத்தப் பாருடி," என்றாள் நிமிராமல். "வெயில்ல குந்தக் கூடாதுன்னு அந்த டாக்டரு சொன்னது என் காதுல விழலியா?"

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அதன் பிறகும் சண்டை போட்டிருக்கிறோம். பையன் இல்லாத குறையை அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் பாவு நீட்ட என்னை விட்டதே இல்லை.

மங்கு போக இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. முதலில் மேலுதடு தெளிந்தது. பிறகு வலது கன்னம். எந்த நாளில் போனது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாம்மா, உன் மூஞ்சி தெளிவா இருக்குது?" என்று கேட்டபோதுதான் கிணற்றடிக் கண்ணாடிக்குப் போய்ப் பார்த்தேன். இடது கன்னத்தில் அந்தக் களிம்பு வேக வைத்த இடம் மட்டும் அப்படியே சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டது. இப்போதும் இருக்கிறது. என்னென்னவோ பூசச் சொல்லிப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் எதையும் பூசவில்லை.